சர்க்கரையை அளந்தோம், பயத்தை அளந்தோமா?



நம்முடைய வீடுகளில் குளுக்கோமீட்டர் இன்று அரிய பொருள் அல்ல. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். சில நொடிகளில் ஓர் எண். அந்த எண் கூடியிருந்தால் இரவுச் சோற்றைக் குறைக்கிறோம். மிகவும் இறங்கியிருந்தால் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுகிறோம். உடலுக்குள் நடப்பதை எண்ணாக்கிப் பார்ப்பது நீரிழிவு உள்ளவர்களுக்குக் கைவந்த பழக்கமாகிவிட்டது.

ஆனால் 2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் அதே மனிதர்கள் இரவெல்லாம் விழித்துக் கிடந்தார்களே, அந்தக் கலக்கத்திற்கு எண் உண்டா? கொள்ளைநோயைப் பற்றிய திகிலையும் அதன் பின்னே வந்த மனச்சோர்வையும் அளக்க முடியுமா? முடியும் என்று மருத்துவ உலகம் சொல்கிறது. அதற்கென்று அளவுகோல்கள் இருக்கின்றன. அவை எப்படி அளக்கின்றன, எங்கே தவறக்கூடும், அளந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பவற்றை நீங்களும் நானும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நம் குடும்பங்களில் பலவும் அந்தக் கணக்கிற்குள்தான் இருக்கின்றன.

அது வீண் பயமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீரிழிவு உள்ளவர்கள் அந்நாட்களில் பயந்தது வெறும் கற்பனையினால் அல்ல.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 1 முதல் மே 11 வரை மருத்துவமனைகளில் கோவிட் தொடர்பாக இறந்தவர்களின் கணக்கை அந்நாட்டு ஆய்வாளர்கள் எடுத்தார்கள். இறந்த 23,698 பேரில் 7,434 பேர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். 364 பேர் முதல் வகையினர். அதாவது மூன்றில் ஒருவர். நம் நாட்டில் 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது, கறுப்புப் பூஞ்சை என்று மக்கள் அழைத்த நோய் கண்ணையும் தாடையையும் தாக்கியது. அதற்கு இலக்கானவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள். தொற்றின் கடுமையைத் தணிக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்துகளும் சர்க்கரையை உயர்த்தின.

இதனோடு நகரத்தில் பிழைக்க வந்தவர்களின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பயணிகள் ரயில் இல்லை. ஊருக்குப் போக வழி இல்லை. மும்பை தாராவியில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று கண்டறியப்பட்டது. பல தலைமுறைகளாகத் தமிழர் வாழும் இடம் அது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் இடத்தில், "தனித்திருங்கள்" என்ற அறிவுரையை ஒரு சர்க்கரை நோயாளி எப்படிக் கைக்கொள்வார்? வழக்கமாக மருந்து வாங்கும் கடை திறக்குமா, இன்சுலின் கிடைக்குமா, நடைப்பயிற்சிக்கு எங்கே போவது, இந்த மாதச் சம்பளம் வருமா என்று பயம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது.

டென்மார்க் நாட்டில் நீரிழிவு உள்ளவர்களிடம் 2020-இல் கேட்டபோது, தங்கள் நோயின் காரணமாகக் கோவிட் தங்களை மிகுதியாகத் தாக்கும் என்று பாதிக்கும் மேற்பட்டோர் கவலைப்பட்டார்கள். "ஆபத்துக்குரியவர்" என்று தங்களை முத்திரையிடுவதே மூன்றில் ஒரு பங்கினருக்குப் பாரமாக இருந்தது. வசதியுள்ள நாட்டிலேயே இப்படியென்றால், நம்மவர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஏழு கேள்விகளில் ஒரு பயம்

ஈரான் நாட்டில் தொற்று வேகமாகப் பரவிய தொடக்க நாட்களிலேயே ஆய்வாளர் சிலர் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். டேனியல் அஹோர்சு, அமீர் பக்பூர், மார்க் கிரிஃபித்ஸ் முதலானோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். கோவிட்-19 பய அளவுகோல் என்னும் அது 2020 மார்ச் மாத இறுதியில் வெளியானது. 717 ஈரானியரிடம் அதைச் சோதித்திருந்தார்கள். முதலில் 28 வாக்கியங்களைத் தொகுத்து, படிப்படியாகக் கழித்து, கடைசியில் 7 வாக்கியங்களை நிறுத்தினார்கள். பின்னர் அது பல நாடுகளின் மொழிகளுக்கும் பெயர்க்கப்பட்டது.

அந்த ஏழும் எவற்றைப் பற்றியவை? நோயைக் குறித்த பெரும் பயம், அதை நினைக்கும்போதே ஏற்படும் சங்கடம், உள்ளங்கை வியர்த்துச் சில்லிடுதல், உயிர் போய்விடுமோ என்ற அச்சம், செய்திகளைப் பார்க்கும்போது வரும் பதற்றம், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு. ஒவ்வொன்றுக்கும் "சிறிதும் இல்லை" என்பதற்கு 1, "முற்றிலும் உண்மை" என்பதற்கு 5 என்ற முறையில் மதிப்பெண். ஆகவே மிகக் குறைந்த மொத்தம் 7. மிக உயர்ந்தது 35. எண் கூடக் கூடப் பயமும் கூடுதல் என்று பொருள்.

இந்த எண்ணைக் கையாளும்போது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "இத்தனைக்கு மேல் போனால் நோய்" என்று உலகமெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு இந்த அளவுகோலுக்கு இல்லை. கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் 16.5 என்று ஓர் எல்லையை முன்வைத்தார்கள். அது அவர்கள் மொழியில், அவர்கள் மக்களிடம் கண்டது. பயம் தன்னளவில் நோயும் அல்ல. அளவான பயம் முகக்கவசம் அணியச் சொல்லும். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும். அளவு மீறிய பயமோ மருத்துவமனை வாசலையே மிதிக்கவிடாமல் செய்யும். கால் புண்ணைக் காட்டாமல் வீட்டிலேயே வைத்திருந்தவர்களும், கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்களும் இப்படிப்பட்ட பயத்திற்கு விலை கொடுத்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது இன்னொன்று. உள்ளங்கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் பயத்தின் அடையாளங்கள் மட்டுமா? இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதும் இவையேதான் வரும்! இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் கவலையினால் சரியாகச் சாப்பிடாமல் விட்டால், வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வரும். "பயத்தில்தான் இப்படி" என்று படுத்துவிட்டால் அது ஆபத்து. ஆகவே அந்நேரத்தில் முதலில் செய்யவேண்டியது குளுக்கோமீட்டரைக் கையில் எடுப்பது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அது பயம் அல்ல, தாழ்சர்க்கரை. ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்கவேண்டும். அளவு சரியாக இருந்தும் படபடப்பு நீடித்தால், மருத்துவரிடம் சொல்லவேண்டும்; பயம் என்று நாமாக முடிவுகட்டிவிடக் கூடாது, இருதயத்தையும் அவர் பார்க்கவேண்டியிருக்கும்.

மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள்

பயம் வேறு, மனச்சோர்வு வேறு. பயம் வரப்போவதை நோக்கி நடுங்குகிறது. மனச்சோர்வோ வருவதைப் பற்றிய ஆவலையே அணைத்துவிடுகிறது. ஒருவரிடம் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம்.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் கேள்வித்தாள் பி.எச்.க்யூ-9 என்பது. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் க்ரோன்கே ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அதன் திறனை விளக்கும் ஆய்வு 2001-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டுமே அது கேட்கிறது. எதிலும் நாட்டமின்மை, மனம் தளர்ந்திருத்தல், உறக்கக் கோளாறு, அசதி, பசியில் மாற்றம், தன்னைத்தானே தாழ்வாக எண்ணுதல், கவனம் நிலைக்காமை, அசைவில் மந்தம் அல்லது இருப்புக்கொள்ளாமை, இறந்துவிட்டால் நலம் என்ற எண்ணம் ஆகிய ஒன்பதும் எத்தனை நாள் இருந்தன என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் தரவேண்டும். மொத்தம் 27. ஐந்து முதல் இலேசானது, பத்து முதல் நடுத்தரம், பதினைந்துக்கு மேல் கடுமைக்கு அண்மை, இருபதுக்கு மேல் கடுமை என்று வகுத்திருக்கிறார்கள்.

பத்து என்ற எல்லையை வைத்தால், கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 88 பேரை அது சரியாகச் சுட்டிக்காட்டியது. இல்லாதவர்களில் 100-க்கு 88 பேரை இல்லை என்று சரியாக விலக்கியது. நல்ல கருவிதான். ஆனாலும் மீதமுள்ள 12 பேரை மறந்துவிடாதீர்கள். இது சல்லடை, தீர்ப்பு அல்ல. நோய் உண்டா என்பதை நேரில் பேசிப் பார்க்கும் மருத்துவரே முடிவுசெய்யவேண்டும்.

சர்க்கரையா, சோர்வா?

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு தாயாருக்குச் சர்க்கரை 300-க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், உறக்கம் கெடுகிறது. பகலில் உடம்பெல்லாம் அசதி. பசி மாறிவிட்டது. ஒன்பது கேள்விகளில் உறக்கம், அசதி, பசி என்ற மூன்றுக்கும் அவர் "ஏறக்குறைய தினமும்" என்று பதில் சொன்னால், மூன்று மூன்றாக ஒன்பது மதிப்பெண் வந்துவிடுகிறது. மனம் சோராமலேயே எல்லைக்கு ஒரு படி கீழே நிற்கிறார்! கவனம் சற்றுச் சிதறுகிறது என்று இன்னொன்றைச் சேர்த்தால் பத்து. இரத்தசோகை, தைராய்டு குறைவு, நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலருக்கு வரும் வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே அசதியைத் தரும்.

இதை அறிந்துதான் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று வேறொரு கேள்வித்தாளை அமைத்தார்கள். 14 கேள்விகள் கொண்ட அதில் அசதி, பசி போன்ற உடல் அடையாளங்களைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். வேறு நோய் உள்ளவரின் உடல் தரும் சாட்சியை மனத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதுவே நம் வீடுகளில் அதிகம் நடப்பது. உண்மையிலேயே மனம் சோர்ந்துபோனவரை "சர்க்கரை கூடினால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எப்படிப் பிரித்தறிவது? ஒன்பதில் முதல் இரண்டு கேள்விகளைத் தனியாக எடுத்துக் கேட்பது ஒரு வழி. முன்பு விருப்பமாய்ச் செய்தவற்றில் இப்போது நாட்டம் இருக்கிறதா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் பேரப்பிள்ளையின் தொலைபேசி அழைப்பை எடுக்க விருப்பமில்லாமற் போவதற்கு அதுமட்டும் காரணமாகாது. இவ்விரண்டுக்கும் சேர்த்து ஆறில் மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால், முழுக் கேள்வித்தாளுக்கும் மருத்துவரிடமும் போகவேண்டும்.

மனமும் சர்க்கரையும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கவலை மிகும்போது உடல் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகளை வெளியிடுகிறது. அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகின்றன. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடப்பதை நிறுத்துகிறார்; சர்க்கரை இன்னும் ஏறுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடையே மனச்சோர்வின் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 42 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-இலேயே காட்டியது. கொள்ளைநோய் வருமுன்னரே இருந்த பாரம் அது.

நீரிழிவே தரும் சலிப்பு

பயத்திற்கும் மனச்சோர்வுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று உண்டு. தினமும் ஊசி, தினமும் மாத்திரை, விருந்து வீட்டில் பாயசத்தை மறுக்கும் சங்கடம், "உனக்குச் சர்க்கரை, நீ சாப்பிடக் கூடாது" என்ற உறவினரின் கண்டிப்பு, கால் போய்விடுமோ கண் போய்விடுமோ என்ற உறுத்தல். வருடக்கணக்கில் இதைச் சுமந்தவருக்கு வரும் சலிப்பு நோய் என்று சொல்லத்தக்க மனச்சோர்வு அல்ல. ஆனாலும் அது மனத்தை அரிக்கிறது. வில்லியம் போலன்ஸ்கி முதலானோர் 1995-இல் இதற்கென்று 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை அமைத்தார்கள். வரும் மொத்தத்தை 1.25-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று கிடைக்கும். 40-ஐத் தாண்டினால் பாரம் கடுமையானது என்று கொள்கிறார்கள்.

மூன்றையும் பிரித்து அளப்பது ஏன்? மருந்து வெவ்வேறு என்பதால். அளவுமீறிய தொற்றுப் பயத்திற்குச் சரியான தகவலும் செய்திக் குறைப்பும் பெரிதும் உதவும். நீரிழிவுச் சலிப்புக்கு உணவு, ஊசி, மாத்திரை முறைகளை எளிதாக்கித் தரும் மருத்துவரும், குறை சொல்லாத குடும்பமும் வேண்டும். மனச்சோர்வுக்கோ மனநலச் சிகிச்சை வேண்டும். எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லில் கட்டிவைத்தால் எதற்கும் வழி பிறக்காது.

பதில் சொல்வது யார்?

வாசகரே, நகரத்தில் வாழும் நம்மை நேரடியாகத் தொடும் கேள்வி இது.

ஊரிலிருந்து வயதான தாயையோ தகப்பனையோ மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் அழைத்து வந்து வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. மருத்துவமனையில் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். மகன் வாங்கிப் படிக்கிறார். மகனே பதிலும் எழுதுகிறார். "அம்மா, நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டால், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று "தூங்குறேன்பா" என்கிறார் அந்தத் தாய். ஒன்பதாவது கேள்வி வரும்போது மகனுக்கு நாக்கு எழவில்லை. தாயைப் பார்த்து, "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று எப்படிக் கேட்பது? பூஜ்யம் என்று போட்டுவிடுகிறார். எண் அழகாக வருகிறது. உண்மை உள்ளேயே தங்கிவிடுகிறது.

பி.எச்.க்யூ-9 தமிழிலும் இருக்கிறது. தமிழ்த் தாள் தர இயலுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். எழுத்துத் தெரியாதவரானால், குடும்பத்தைச் சேராத தமிழறிந்த செவிலியரோ ஊழியரோ தனியே அமர்ந்து படித்துக் கேட்பது நல்லது. சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்சவேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மனத்திலுள்ளதைச் சொல்ல இடம் கிடைப்பதே பலருக்கு ஆறுதல்.

மொழியின் நுட்பமும் உண்டு. நம்மவர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அரிது. "உடம்பு ஒரு மாதிரி இருக்கு", "நெஞ்சை அடைக்குது", "எதுவும் பிடிக்கல" என்பார்கள். வெளிநாட்டுக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவை வலையில் சிக்காமல் நழுவிவிடும். ஒரு மொழியில் சரிபார்த்த அளவுகோலை வேறொரு மொழியில் கொண்டுவரும்போது, அந்த மக்களிடமே மீண்டும் சோதிக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு தடையும் நம் நடுவில் இருக்கிறது, மறைப்பானேன்? "விசுவாசி பயப்படலாமா?" என்ற கேள்வி. பயம் இருக்கிறது என்று எழுதினால் விசுவாசக் குறைவென்று எண்ணுவார்களோ என்று, ஏழு கேள்விக்கும் "இல்லை" என்றே குறிக்கிறவர்கள் உண்டு. ஆண்களோ, வீட்டுத் தலைவன் கலங்கக் கூடாது என்று வாய் திறப்பதில்லை. சர்க்கரை 280 என்று காட்டும்போது அதை யாரும் விசுவாசக் குறைவென்று சொல்வதில்லையே! பய அளவுகோலில் வரும் 28-ஐயும் அதே கண்ணோடு பார்க்கலாம். இரண்டும் உதவி எங்கே தேவை என்று சொல்லும் எண்கள்.

சதவீதங்களை வாசிக்கும்போது

கொள்ளைநோய் நாட்களில், "நீரிழிவு நோயாளிகளில் இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு" என்று செய்திகள் அடிக்கடி வந்தன. ஒன்றுக்கொன்று பெருத்த வேறுபாடும் இருந்தது. இனி அப்படிப்பட்ட செய்தியைப் பார்த்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

எந்த அளவுகோல்? எந்த எல்லை? ஐந்துக்கு மேல் என்று எண்ணினால் கூட்டம் பெரிது. பத்துக்கு மேல் என்றால் சிறிது.

யாரிடம் கேட்டார்கள்? அந்நாட்களில் பல ஆய்வுகள் கைப்பேசி வழியே நடந்தன. ஸ்மார்ட்போன் இல்லாத கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்யும் அம்மாவும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எப்போது கேட்டார்கள்? 2020 ஏப்ரலின் பயம் வேறு; 2021 மே மாதத்தின் பயம் வேறு.

முன்பு எவ்வளவு இருந்தது? சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 15.1 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் காணப்பட்டன. கொள்ளைநோய்க்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய எண் அது. ஆகவே ஒரே ஒருமுறை அளந்துவிட்டு, வந்ததையெல்லாம் கொள்ளைநோயின் தலையில் போடமுடியாது. அதே மனிதர்களை முன்னும் பின்னும் அளந்தால்தான் மாற்றம் தெரியும்.

அளக்காமல் ஊகித்தால் தவறுவோம் என்பதற்கு ஓர் உதாரணம்: ஊரடங்கில் எல்லாருக்கும் சர்க்கரை கெட்டிருக்கும் என்றே நினைப்போம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகளில், சர்க்கரைக் கட்டுப்பாடு சற்று மேம்பட்டிருந்தது! வீட்டிலேயே இருந்ததால் நேரத்திற்கு உணவும், ஓய்வும், கவனமும் அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். தினக்கூலியை இழந்து, கிடைத்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டவருக்கு அதே முடிவு பொருந்துமா என்பது வேறு கேள்வி.

அளந்த பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை முடித்துவைத்தது. அறிவிப்போடு மனங்களின் அவசரநிலையும் முடிந்துவிட்டதா? துணையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்நாளில் நிறுத்திய நடைப்பயிற்சியை மீண்டும் தொடங்காதவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை என்றாலே இன்றும் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த அளவுகோல்கள் நமக்கு இன்றும் வேண்டும்.

அளப்பதால் மட்டும் யாரும் சுகமடைவதில்லை. சிகிச்சையோடு சேரும்போது பலன் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு மருத்துவ மையங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு, அவர்களைத் தொடர்ந்து விசாரித்து ஊக்குவிக்கும் பயிற்சி பெற்ற ஊழியர்களும், அவ்வப்போது ஆலோசனை தரும் மனநல, நீரிழிவு வல்லுநர்களும் துணைநின்றார்கள். 24 மாதங்களின் முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் முதற்பிரிவில் 57.4 சதவீதம், துணை கிடைத்த பிரிவில் 71.6 சதவீதம். 2020-இல் வெளியான இந்த முடிவு, தொடர்ந்து விசாரிக்க ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டுகிறது.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவருக்காக இவற்றைச் செய்யுங்கள்.

1. சர்க்கரை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, மேலே சொன்ன இரு கேள்விகளையும் கேட்டுப் பதிலை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் காட்டுங்கள்.

2. இரண்டு வாரத்திற்கு மேல் நாட்டமின்மையோ தளர்ச்சியோ நீடித்தால் காத்திருக்கவேண்டாம். சர்க்கரை மருத்துவரிடமே முதலில் சொல்லலாம், அவர் வழிகாட்டுவார். மனநல மருந்து கொடுத்தால், நீரிழிவுக்கு எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

3. சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். இன்சுலினையும் மாத்திரைகளையும் வீட்டார் தங்கள் பொறுப்பில் வைத்து, வேளைக்குரியதை மட்டும் கொடுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

4. 14416 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். இது 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அயல்மாநிலத்தில் மொழி தெரியாமல் தவிக்கும் முதியவருக்கு இது பெரிய உதவி.

5. பக்கத்து வீட்டில், பக்கத்துத் தெருவில் தனியாக வாழும் நீரிழிவு நோயாளி யார் என்று பாருங்கள். வாரம் ஒருமுறை போய், "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி தூக்கம் வருதா? மனசு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை சற்று அமர்ந்திருங்கள்.

நாளைக் காலையில் சர்க்கரை பார்க்கும்போதே இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். முதல் நாள் பதில் வராமற்போகலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.